காக்காப்பொன்னும் முள்ளும்: கிராமபோன் சவுண்டு பாக்ஸின் வரலாறு

கிராமபோனில் ஒலி பிறக்கும் இடம் சவுண்டு பாக்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்டமான உலோகப் பெட்டி அது. முன்பக்கம் ஒரு மெல்லிய தகடு தெரியும். பின்பக்கத்தின் நடுவே உள்ள துளை வழியாக ஒலி கைக்குழலுக்கும், அங்கிருந்து புனலுக்கும் போகும். கீழே முள் செருகும் இடம் உண்டு. அதிலிருந்து தகட்டின் நடுப்புள்ளி வரை ஒரு சிறு நெம்புகோல் எழும்பி நிற்கும். சுழலும் இசைத்தட்டின் பள்ளம் முள்ளை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. நெம்புகோல் அந்த ஆட்டத்தைத் தகட்டுக்குக் கடத்துகிறது. தகடு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. மின்சாரத்துக்கு இங்கே வேலையே இல்லை. சாவி கொடுத்து முறுக்கிய வில்லின் விசைதான் தட்டையும் சுழற்றுகிறது, பாட்டுக்கும் வலுவளிக்கிறது.

1877இல் எடிசன் உருவாக்கிய போனோகிராபில் உருளையின் மேல் ஊசி மேலும் கீழுமாக அசைந்தது. 1887இல் எமில் பெர்லினர் காப்புரிமை பெற்ற கிராமபோனில் பள்ளம் பக்கவாட்டில் நெளிந்தது. பெர்லினரின் வழிவந்த தட்டுகளுக்கான சவுண்டு பாக்ஸ் படுக்கையாக இல்லாமல் விளிம்பில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவின் கேம்டன் நகரில் இயந்திரப் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் வில்லால் ஓடும் மோட்டாரையும் மேம்பட்ட சவுண்டு பாக்ஸையும் சேர்த்து அந்தக் கருவியை வீட்டுப் பொருளாக்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த 'எக்சிபிஷன்' என்ற சவுண்டு பாக்ஸ் பல ஆண்டுகள் கிராமபோன்களின் பொது உறுப்பாக இருந்தது. அதன் தகடு அப்பிரகம். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் காக்காப்பொன்.

லேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றியதால் அப்பிரகம் தேர்வாயிற்று. ஏடு ஏடாகப் பிரியும் அந்தக் கனிமத்தை விசிட்டிங் கார்டைவிட மெல்லியதாக உரித்தெடுக்கலாம். உலகச் சந்தைக்கு அப்பிரகம் அனுப்பிய முக்கியமான நாடு இந்தியா. அன்றைய பிகாரின் கோடர்மா பகுதியும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தின் கூடூரும் அதற்குப் பெயர் போனவை. இசைத்தட்டின் பிணைப்புப் பொருளான அரக்கும் பெரும்பாலும் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்தே கப்பலேறியது. பாடும் தட்டுக்கும் அதைப் பாடவைக்கும் தகட்டுக்கும் மூலப்பொருள் இந்நாட்டு மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் போய், விலை கூடித் திரும்பி வந்தது.

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பெரிய பதிவுகளை நடத்தினார். அடுத்த பயணக் குழு 1904-05இல் சென்னைக்கும் வந்தது. சேலம் கோதாவரி போன்றவர்களின் குரல் அக்காலத்தில் தட்டுகளில் ஏறியது. தொடக்கத்தில் இந்தியப் பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகிக் கடல் கடந்து திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கியதும் அந்தச் சுற்று குறைந்தது. 1928இல் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது.

தமிழ்நாட்டில் கிராமபோனின் பொற்காலம் 1920களின் இறுதியிலும் 1930களிலும் அமைந்தது. நாடகப் பாடல்கள்தான் அதற்கு அடித்தளம். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் தட்டுகள் நாடகக் கொட்டகைக்குப் போக முடியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளோடு கொலம்பியாவும் ஓடியனும் போட்டியிட்டன. ஓடியன் தட்டுகளை வெளியிட்ட சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸில் பங்குதாரராக இருந்த ஏ.வி. மெய்யப்பன் அங்கிருந்துதான் திரைப்படத் தயாரிப்புக்குள் நுழைந்தார்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களுக்கு இந்தக் கருவி ஏற்றதாக இருந்தது. மின்கம்பிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சாவி கொடுத்தால் போதும். தெருக்கூத்து வேரோடிய வட்டாரம் இது. கோவலன் கதையும் வள்ளி திருமணமும் இங்கே புதியவை அல்ல. விடிய விடிய நடக்கும் கதை பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டாகச் சுருங்கியதுதான் புதுமை. தூக்கிச் செல்லும் பெட்டி வடிவில் 1925இல் வந்த எச்.எம்.வி. 101, 1931இல் வந்த 102 ஆகிய மாதிரிகளில் புனல் மரப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டது. இன்று பழைய வீடுகளின் பரண்களில் அகப்படுபவற்றில் இவ்வகைப் பெட்டிகளும் உண்டு.

1925இல் ஒலிப்பதிவு மைக்கின் வழியாக மின்முறைக்கு மாறியது. அதற்கு முன் பாடகர் பதிவுக் குழலுக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிகக் கூர்மையான ஒலிகளும் பதியாமல் போயின. புதிய பதிவுகளின் அகன்ற ஒலிவீச்சுக்குப் பழைய அப்பிரகத் தகடு ஈடுகொடுக்கவில்லை. எச்.எம்.வி.யின் எண் 4 சவுண்டு பாக்ஸ் அப்பிரகத்தோடு நின்றது. அடுத்து வந்த 5ஏ, 5பி ஆகியவற்றில் மெல்லிய அலுமினியத் தகடு இடம்பெற்றது. அதன் நடுவே சிலந்தியின் கால்களைப் போல விரியும் ஓர் உறுப்பு நெம்புகோலின் அசைவைத் தகடு முழுவதற்கும் பகிர்ந்தளித்தது. நெம்புகோலின் அச்சும் கத்திமுனைத் தாங்கிக்குப் பதிலாகக் கடுகளவு குண்டுகள் மேல் சுழன்றது.

முள்ளின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. அரக்குத் தட்டில் கல்மாவு கலந்திருக்கும். எஃகு முள் முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து பள்ளத்தின் வடிவத்தைப் பெறட்டும் என்பதற்காகவே அந்தக் கலவை. எனவே ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது விதி. தடித்த முள் உரக்கவும், மெல்லிய முள் தணிவாகவும் பாடும். தட்டைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு மூங்கில் முள்ளும் கள்ளி முள்ளும் கிடைத்தன. சிக்கனம் கருதி ஒரே எஃகு முள்ளைப் பல நாள் ஓட்டியதன் விளைவைப் பழைய தட்டுகளில் சாம்பல் நிறத் தடமாக இன்றும் பார்க்கலாம்.

ஒலிபெருக்கி வந்தபின் சவுண்டு பாக்ஸின் இடம் சுருங்கியது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் குழாய் கட்டிய மைக்செட்காரர்கள் சாவி கொடுக்கும் மோட்டாரையே வைத்துக்கொண்டு, சவுண்டு பாக்ஸ் இருந்த இடத்தில் மின் பிக்-அப்பைப் பொருத்தினர். பேட்டரியில் ஓடும் பெருக்கி மீதியைப் பார்த்துக்கொண்டது. கழற்றி வைத்த சவுண்டு பாக்ஸ்கள் தொலைந்தன, அல்லது வேறு பெட்டிகளுக்கு மாறின. 78 சுற்றுத் தட்டுகளின் உற்பத்தி 1970 வாக்கில் முடிவுக்கு வர, கருவிகள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. 1985இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட் அவற்றைத் தேடுவோரின் முதல் இடமாக இருந்தது.

இன்று கைக்கு வரும் பழைய சவுண்டு பாக்ஸில் கெட்டிருப்பது பெரும்பாலும் உலோகமோ அப்பிரகமோ அல்ல, ரப்பர். தகட்டின் விளிம்பை இருபுறமும் இரண்டு ரப்பர் வளையங்கள் பிடித்திருக்கும். காற்றுக் கசியாமலும் தகட்டின் அசைவைத் தடுக்காமலும் பிடிப்பது அவற்றின் வேலை. பல பத்தாண்டுகளில் ரப்பர் கல்லாக இறுகிவிடும். அப்போது தாழ்ந்த ஒலிகள் மறையும், உச்ச ஸ்தாயியில் குரல் கீச்சிடும், உரத்த இடங்களில் தகடு கடகடக்கும். புதுப்பிப்பது என்றால் தகட்டுக்கு அதன் பழைய அசைவைத் திருப்பிக் கொடுப்பதே.

எக்சிபிஷன் வகையில் வேலை தகட்டின் நடுவிலிருந்து தொடங்கும். நெம்புகோலைத் தகட்டோடு பிணைக்கும் நுண்திருகின் மேல் மெழுகு வைத்திருப்பார்கள். சூடேற்றிய கம்பி முனையால் அதை இளக்கிய பிறகே திருகைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் அப்பிரகம் நடுவில் கிழியும். பின்தட்டின் திருகுகளை எடுத்ததும் பழைய ரப்பரைச் சுரண்டி நீக்கி, பள்ளத்தைத் துடைக்க வேண்டும். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஏடு பிரிந்த இடம் வெண்மையாகத் தெரியும். அது விளிம்பைத் தாண்டி உள்ளே பரவியிருந்தால் தகட்டை மாற்றுவதே நல்லது.

புதிய வளையத்துக்கு மென்மையான ரப்பர்க் குழாயை வெட்டிக்கொள்வார்கள். முனைகள் இடைவெளியின்றி முட்ட வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. இரு வளையங்களின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகடு எந்தப் பக்கமும் உலோகத்தைத் தொடாமல் நடுவாக அமர்ந்தபின் பின்தட்டை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குவது முறை. ஒரே திருகை முழுதாக முறுக்கினால் ஒரு பக்கம் நசுங்கும்.

சுருதி சேர்ப்பதற்கு ஒப்பான கட்டம் இதற்குப் பிறகுதான். நெம்புகோலை இருபுறமும் சிறு ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. அவற்றின் இறுக்கத்தைச் சரிசெய்யும்போது, நெம்புகோலின் நுனி தகட்டின் நடுவைத் தள்ளாமலும் இழுக்காமலும் தொட்டு நிற்க வேண்டும். அந்த நிலை வந்தபிறகே நுண்திருகைப் போட வேண்டும். திருகு பூட்டித்தான் நுனி தகட்டைச் சேருகிறது என்றால் தகடு எப்போதும் வளைந்தே இருக்கும், ஒலி மூக்கால் பாடுவதுபோல் வரும். ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் இரைச்சல். மிக இறுகினால் ஒலி அடங்கி, தட்டின் பள்ளமும் தேயும். எல்லாம் பொருந்தியதும் ஒரு துளி தேன்மெழுகு திருகை மூடும். கைக்குழலோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பரையும் மாற்றாவிட்டால் உலோகத்தின் அதிர்வு பாட்டில் கலக்கும்.

5ஏ, 5பி வகைகளுக்கு வேறு கவனம் தேவை. அலுமினியத்தில் நகம் பட்டால் விழும் பள்ளம் எளிதில் போகாது. சிலந்திக் கால்களில் ஒன்று தகட்டிலிருந்து விட்டிருந்தாலும் குறிப்பிட்ட சுரங்களில் ரீங்காரம் கேட்கும். குண்டுகளைக் கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரிப்பது வழக்கம். உருண்டோடினால் மாற்றுக் கிடைப்பது அரிது. துத்தநாகக் கலவையில் வார்த்த உறைகள் காலப்போக்கில் உப்பி வெடிக்கும். அவற்றில் திருகு இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருப்பக்கூடாது. பழையதைப் போலச் செய்து இன்று விற்கப்படும் கிராமபோன்களின் சவுண்டு பாக்ஸ்களில் பெயர்ப்பொறிப்பு ஒன்றாக இருந்தாலும் தகடும் தாங்கியும் தரத்தில் வேறு.

கடைசிச் சோதனை செவிக்குரியது. முதலில் முள்ளின் நுனியை விரலால் மெல்லச் சுண்டினால் ஓசை சுத்தமாக வர வேண்டும். பிறகு புது முள்ளைத் தட்டின் பரப்புக்கு ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் இறக்கி, அதிகம் தேயாத தட்டு ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். குரல் உச்சத்தில் நிற்கும் இடத்தில் உடையாமலும், ஹார்மோனியம் குரலுக்குள் மூழ்காமல் தனித்தும் கேட்டால் வேலை சரி. 1925க்கு முந்தைய பதிவுகள் அப்பிரகத் தகட்டிலும், பிந்தையவை அலுமினியத் தகட்டிலும் நன்றாகப் பேசும். அந்தந்தக் காலத் தட்டுக்கு அந்தந்தக் காலச் சவுண்டு பாக்ஸைப் பொருத்துவதே சேகரிப்பாளர்களின் வழக்கம்.