தேய்மானம் எங்கே நிகழ்கிறது? கொங்கு ஆழ்துளைக் கிணறுகளில் கம்ப்ரசரும் சப்மெர்சிபிளும்

அந்தியூர், பவானி வட்டாரத்து மேட்டுக்காடுகளில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இன்றும் கம்ப்ரசர் பூட்டுவதற்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்: மின்சாரம் இலவசம், அதனால் விரயம் உறுத்துவதில்லை. இந்த விளக்கம் போதாது. இலவச மின்சாரம் 1990 முதல் தமிழகம் முழுமைக்கும் பொது. தஞ்சை வண்டலில் பில்டர் பாயிண்ட் என்னும் ஆழமில்லாக் குழாய்க்கிணறு வைத்திருப்பவருக்கும் அதே சலுகைதான். அங்கே கம்ப்ரசர் வேரூன்றவில்லை. கொங்கிலேயே கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில் மோனோபிளாக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளும்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. எங்கும் ஒன்றாக இருக்கும் சலுகை, இடத்துக்கு இடம் மாறும் தேர்வுக்குக் காரணமாகாது. மாறுவது பாறையும் அதன் வெடிப்புகளில் ஊறும் நீரும்.

விரய வாதம் முழுவதும் சாய்ந்து நிற்பது செயல்திறன் எண்ணின் மேல். அந்த எண் வருவது சப்மெர்சிபிள் பம்புகளுக்கான ஐ.எஸ். 8034 தரநிர்ணயத்தின்படி சோதனை மேடையில் அளந்த மதிப்பிலிருந்து. அந்த ஆவணத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அது பேசுவது தெளிந்த குளிர்ந்த நீரை: கலங்கல் 50 பி.பி.எம்.க்கு மிகாமல், வெப்பம் 33 டிகிரி செல்சியசுக்கு மிகாமல். சோதிக்கப்படுவது புதுப் பம்ப். நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்பதாகக் கொண்டே அழுத்தமும் வெளியேற்றமும் குறிக்கப்படுகின்றன. ஆவணம் தன் எல்லையை ஒளிக்கவில்லை. அதைத் தோட்டத்துக்கான வாக்குறுதியாக வாசித்தது ஆய்வாளர்களின் பிழை.

நீர் சுரப்பு குறைந்த ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், சப்மெர்சிபிளுக்கு நடப்பது வேறு. மோட்டாரைப் போட்டதும் நீர்மட்டம் உயரத்தில் இருப்பதால் எதிர்ப்பு குறைவு. வெளியேற்றம் கூடி, சுழலும் தொகுதி மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. சற்று நேரத்தில் மட்டம் இறங்க, அதே தொகுதி முழுச் சுமையுடன் கீழே அழுத்துகிறது. மோட்டாரின் அடியிலுள்ள திரஸ்ட் பேரிங்கில் கார்பனையும் எஃகையும் பிரித்து வைப்பது சில மைக்ரான் கனமுள்ள நீர்ப்படலம் மட்டுமே. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றில் அது தாங்கும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் படலம் இல்லாமல் உரசும். பம்ப் பக்கத்தில் பாறைத்தூள் புஷ்ஷையும் வேர் ரிங்கையும் அரிக்கிறது. இடைவெளி அகல, ஏற்றிய நீரில் ஒரு பங்கு உள்ளேயே திரும்பி வழிகிறது, தண்டு ஆடுகிறது, சீல் தேய்ந்தபின் தூள் மோட்டாருக்குள்ளும் நுழைகிறது. ‘காயில் போச்சு’ என்று ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டார்களில் பலவற்றுக்கு மூலநோய் காயிலில் இல்லை, பேரிங்கில் இருக்கிறது என்பது என் துணிபு. முறையான கள அளவீடு வரும்வரை இதை முடிந்த முடிபாக வைக்கவில்லை.

அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தி நீரை மேலேற்றும் கம்ப்ரசர் முறையில் போருக்குள் இறங்குவது குழாய்கள் மட்டுமே. அங்கே சுழல்வதோ உரசுவதோ எதுவுமில்லை. நீர் வற்றினால் காற்று மட்டும் வரும், எதுவும் எரியாது. ஒரே கம்ப்ரசரை இரண்டு மூன்று போர்களுக்கு மாற்றி மாற்றி ஓட்டலாம். பிஸ்டன் ரிங்கும் வால்வும் தேயாதா என்றால், தேயும்; ஆனால் தேய்வது கொட்டகையில், உள்ளூர் மெக்கானிக்கின் கைக்கெட்டும் இடத்தில். பல நூறு அடிக் குழாயை உருவி எடுக்கும் செலவு அதில் இல்லை. நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் டிரை-ரன் தடுப்பான் சப்மெர்சிபிளுக்கு வந்துவிட்டதே என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது: அது காயிலைக் காக்கும், தூளை வடிகட்டாது, அடிக்கடி நிறுத்திக் கிளப்புவதால் பேரிங்குக்குச் சுமையைக் கூட்டவே செய்யும்.

கம்ப்ரசர் மின்சாரத்தை மிகுதியாகத் தின்கிறது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. அதைக் கைவிடச் சொல்வதற்கு முன், கோவை பம்ப் உற்பத்தியாளர்களும் தரநிர்ணயக் குழுவும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தூள் கலந்த நீரில், ஏறி இறங்கும் மட்டத்தில், ஆயிரக்கணக்கான முறை நிறுத்திக் கிளப்பிப் பம்பைச் சோதிக்க வேண்டும். அந்தத் தேய்மானத்துக்குப் பின் எஞ்சும் செயல்திறனைப் பெயர்ப்பலகையில் பொறிக்க வேண்டும்.