சூரியக் காற்றும் கணனியும்: ஒரு கொந்தளிப்பாய்வின் வரலாறு

சூரியனுக்கும் புவிக்கும் இடையிலுள்ள பதினைந்து கோடி கிலோமீற்றர் வெளி ஏறத்தாழ வெறும் பாழ் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வானியலாளரிடையே நிலவியது. வால்வெள்ளிகளின் வாயுவால் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதற்கு ஒளியின் அமுக்கம் மட்டும் போதாதென்றும், சூரியனிலிருந்து துணிக்கைகள் இடையறாது வெளிப்படல் வேண்டுமென்றும் 1951 இல் ஜேர்மனிய அறிஞர் லுட்விக் பீர்மான் வாதித்தார். 1958 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து யூஜீன் பாக்கர் இதற்குக் கணித வடிவம் தந்தார். சூரியனின் ஒளிமுடி பத்து இலட்சம் பாகையை விஞ்சிய வெப்பநிலையில் இருப்பதால் அது ஓரிடத்தில் நிலைத்து நிற்க இயலாது. ஒலியினும் விரைவாக வெளியே பாய்ந்தே தீரும் என்பது அவர் முடிவு. மதிப்பீட்டாளர் இருவரும் கட்டுரையை நிராகரித்தனர். இதழாசிரியராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர், அக்கருத்தைத் தாமும் விரும்பாதவராயினும் கணிதத்திற் பிழை காணாமையால் அதனை அச்சேற்றினார். விரும்பாத கருத்தைப் பிழையின்மை ஒன்றற்காகவே வெளியிட்ட அந்நேர்மை இத்துறையின் தோற்றத்தோடு சேர்த்தெண்ணத்தக்கது. 1959 இல் சோவியத் லூனா விண்கலங்கள் இத்துணிக்கைகளை உணர்ந்தன. 1962 இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரீனர் 2, காற்று ஓயாது வீசுவதை ஐயந்திரிபற நிறுவியது.

எனினும் அது சீராக வீசவில்லை. மரீனர் பதிவுகளில் காந்தப்புலமும் வேகமும் எக்காலமும் அலைக்கழிந்தன. இவ்வலைவை எங்ஙனம் விளங்கிக்கொள்வது? 1968 இல் கோல்மன் அதனைக் கொந்தளிப்பு என்றார்; விரைந்த ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உராய்வதால் அது பிறக்கிறதென்பது அவர் கருத்து. 1971 இல் மரீனர் 5 இன் தரவுகளை ஆராய்ந்த பெல்ச்சரும் டேவிசும், இவை சூரியனிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் அலைகளே என்றனர். 1942 இல் சுவீடனின் ஹன்னெஸ் அல்வேன் முன்னுரைத்த காந்த அலைகளே அவை. இரு சாராரும் ஒருவகையிற் சரியே கண்டிருந்தனர். 1974 இலும் 1976 இலும் ஏவப்பட்ட ஹீலியோஸ் விண்கலங்கள் சூரியனை அணுகியபோது வெளிச்செல்லும் அலைகளே அங்கு மேலோங்கியிருந்தன. தொலைவு கூடக் கூட அவை கொந்தளிப்பாக முதிர்வது தெரியவந்தது.

இங்குதான் மெய்யான இடர் தலைப்படுகிறது. பெருஞ்சுழிகள் சிறுசுழிகளாக உடைந்து, சக்தியை அளவு அளவாகக் கீழிறக்கி, ஈற்றில் பிசுக்குமையால் வெப்பமாக மாறுகின்றன என்பது 1941 இல் கொல்மோகோரோவ் வகுத்த கொள்கையின் சாரம். ஆற்றுநீருக்கு இது பொருந்தும். பிசுக்குமை என்பதோ மூலக்கூறுகளின் மோதலால் வருவது. புவியருகே சூரியக் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ ஐந்து புரோத்தன்களே உள்ளன. ஒன்று மற்றொன்றோடு மோதுமுன் அது கடக்கும் தூரம் சூரியன்–புவித் தொலைவோடு ஒப்பிடத்தக்கது. மோதலே இல்லாத இடத்திற் சக்தி எவ்வாறு வெப்பமாகும்? ஆனால் வெப்பமாகவே செய்கிறது. விரிந்து செல்லும் காற்று குளிரவேண்டிய அளவுக்குக் குளிர்வதில்லை.

விடைக்கான குறிப்பு முன்னரே இருந்தது. அலையோடு ஏறக்குறைய ஒரே வேகத்திற் செல்லும் துணிக்கைகள் அதன் சக்தியைக் கவரலாம் என 1946 இல் லாண்டாவ் கணிதத்தால் காட்டியிருந்தார். மோதல் இதற்கு வேண்டுவதில்லை. 1964 இல் ஆய்வுகூடத்தில் இது மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் ஓர் அமைதியான அலைக்கு நிகழ்வது, ஆயிரம் அலைகள் மோதிச் சிதறும் கொந்தளிப்பிலும் நிகழுமா என்பதைத் தாளும் எழுதுகோலும் கொண்டு தீர்க்க இயலவில்லை.

ஆகவே கணனியை நாடினர். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பியூனெமனும் டோசனும் ஒரே பரிமாணத்தில் நகரும் ஏற்றத் துணிக்கைகளின் பாதைகளைக் கணித்தனர். அம்முயற்சி பின்னர் விரிந்து, கோடிக்கணக்கான துணிக்கைகளைப் பின்தொடரும் முறையாயிற்று. ஆயினும் சூரியக் காற்றை முழுமையாகக் கணிப்பது எளிதன்று. அதன் பெருஞ்சுழிகள் பத்து இலட்சம் கிலோமீற்றர் அளவினவாதல் கூடும்; காந்தக் கோட்டைச் சுற்றும் புரோத்தனின் ஆரை நூறு கிலோமீற்றர் அளவினது; இலத்திரனின் ஆரையோ ஓரிரு கிலோமீற்றர். இவ்வனைத்தையும் முப்பரிமாணத்தில் அடக்க, 1 இற்குப் பின் 18 பூச்சியங்கள் இட்ட எண்ணிக்கையில் கட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேகத்தின் மூன்று பரிமாணங்கள் வேறு.

எனவே எதையேனும் கைவிடவேண்டியதாயிற்று. எதைக் கைவிடுவது என்பதே இத்துறையின் வழக்கு. காற்றை மின்கடத்தும் பாயியாகக் கொண்டோர் துணிக்கைகளைக் கைவிட்டனர். வெப்பமாதல் என்னும் வினாவும் அவற்றோடு கைநழுவியது. துணிக்கைகளைப் பின்தொடர்ந்தோர் புரோத்தன் இலத்திரனிலும் 1836 மடங்கு திணிவுடையதென்னும் உண்மையைத் தளர்த்தி, 100 மடங்கு, சிலபோது 25 மடங்கு எனக் கொண்டனர். மூன்றாமவர் துணிக்கையின் வேகமான சுழற்சியைச் சராசரியாக்கி, அதன் மையத்தின் நகர்வை மட்டும் கணித்தனர். 2011 இல் கிரகரி ஹவ்சும் உடனாய்வாளரும் இம்மூன்றாம் வழியில், உண்மையான திணிவு விகிதத்தோடு, புரோத்தன் அளவிலிருந்து இலத்திரன் அளவுவரை கணித்துக் காட்டினர். செயற்கைப் பிசுக்குமை எதுவும் இடப்படவில்லை. பெற்ற காந்தத் திருசியத்தின் சரிவு ஏறத்தாழ −2.8, விண்கலங்கள் அளந்ததும் அதனையொத்ததே.

இவ்விணக்கம் பெரிது; எனினும் ஒரு சரிவு இணங்குவதால் பொறிமுறை நிறுவப்பட்டதாகாது. சுழற்சியைச் சராசரியாக்கும் முறை, அச்சுழற்சியோடு ஒத்திசைந்து அயன்களைச் சூடாக்கும் அலைகளைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடுகிறது என எதிர்ப்போர் சுட்டினர். நீக்கப்பட்டது விடையில் தோன்றாமை வியப்பன்று. அதன்பின் வந்த சான்றுகள் இருபுறமும் சாய்ந்தன. புவியின் காந்தக் காப்புக்கு வெளிப்புறமுள்ள கொந்தளிப்பில், 2015 இல் ஏவப்பட்ட நான்கு செய்மதிகளின் அளவீடுகளிலிருந்து, இலத்திரன்கள் லாண்டாவின் முறையிற் சக்தி பெறுவதற்கான தடயம் 2019 இல் வெளியிடப்பட்டது. 2018 ஓகஸ்ற் 12 இல் பாக்கரின் பெயர் தாங்கிய விண்கலம் அவர் கண்முன்னே ஏவப்பட்டது; 2022 இல் அவர் மறைந்தார். அக்கலம் சூரியனை நெருங்கியபோது, எதிர்ப்போர் சுட்டிய அயன் சுழற்சி அலைகள், காந்தப்புலம் காற்றின் திசையில் அமைந்த பொழுதுகளில், அடிக்கடி பதிவாயின.