சிங்கவரம் படியில் ஏமாந்த கதை

சிங்கவரம் ரங்கநாதர் குடைவரைக்குப் படியேறும்போது செல்போனில் எடுத்த படம் இது. கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டு. 'காமன் ரோஸ்' வண்ணத்துப்பூச்சின்னு குறித்துவைத்தேன். தப்பு! காமன் ரோஸுக்கு உடம்பும் சிவப்பா இருக்கும்; இதற்குக் கறுப்பு. பறவைகளிடம் தப்பிக்க, நச்சுள்ள காமன் ரோஸ் போல வேஷம் கட்டிய கறிவேப்பிலை அழகியின் பெண் இது.

ஏமாந்தது நான் மட்டுமில்லை. இந்த இனத்தின் ஆணுக்கு ஒரு பெயர், வேஷமிட்ட பெண்ணுக்கு வேறு பெயர் என்று 1758இல் லின்னேயஸ் இரண்டு இனங்களாகவே எழுதிவைத்தார். 1865இல்தான் வாலஸ் இரண்டும் ஒன்றே, இது வேஷம் என்று விளக்கினார். அவர்கள் கையில் பூச்சியே இருந்தது. நம்மிடம் படம் மட்டும்தான். அதனால சிறகோடு நிறுத்தாதீங்க, பக்கவாட்டில் உடம்பையும் ஒரு படம் எடுங்க. நான் என் குறிப்பைத் திருத்திவிட்டேன்.