பாலைவனத்தில் கிடைத்த வவுச்சர்



ஆடிட்டிங் வகுப்பில் எங்கள் சார் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார்: "வவுச்சர் இல்லாத என்ட்ரி, என்ட்ரியே இல்லை." பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இந்த வரி எனக்கு உண்மையில் புரிந்தது, கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தைப் படிக்கும்போதுதான். இரண்டாம் உலகப் போரில் தொலைந்துபோன போர் விமானங்களைப் பல வருடம் கழித்து இன்ன விமானம்தான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் அந்த விஷயம்.

முதலில் ஒரு சின்ன அடிப்படை. நம் கல்லூரி டெஸ்க்கில் பெயின்ட்டால் ஒரு எண் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சொத்துப் பதிவேட்டில் அந்த டெஸ்க்குக்கு ஒரு வரி இருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையும் அதையேதான் செய்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தொடர் எண். விமானம் போனாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். இதைத் தவிர விமானத்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்துகள் இருக்கும். இரண்டு எழுத்து ஸ்குவாட்ரனைக் குறிக்கும், இன்னொன்று அந்த ஸ்குவாட்ரனுக்குள் எந்த விமானம் என்பதைக் குறிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய எழுத்துகள் நிரந்தரமானவை அல்ல. ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்தை அடுத்து வரும் விமானத்துக்கு எழுதிவிடுவார்கள். அதனால் பழைய போட்டோவில் தெளிவாகத் தெரியும் எழுத்தை மட்டும் வைத்து "இதுதான் அது" என்று சொல்ல முடியாது. தொடர் எண் வேண்டும், அது இல்லாவிட்டால் தேதியாவது வேண்டும். அதன்பிறகு ஸ்குவாட்ரனின் நாட்குறிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

பதிவேட்டை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டன் வான்போரில் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பிறகு ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தால் ஏறத்தாழ 60தான்! யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூவரும் தன் கணக்கில் எழுதியிருப்பார்கள். நாம் கேஷ் புக்கையும் பாஸ் புக்கையும் வைத்துக்கொண்டு பேங்க் ரீகன்சிலியேஷன் போடுகிறோமே, அதே வேலைதான் இதுவும். ஒரு பக்கத்தின் வெற்றிக் கணக்கு மறுபக்கத்தின் இழப்புக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். 2012இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் எண்ணெய் நிறுவன வேலைக்காகப் போன போலந்துக்காரர் ஒருவர், மணலில் ஒரு போர் விமானம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மனித நடமாட்டமே இல்லாத இடம். அவர் செய்த மிகப் பெரிய உதவி, நிறைய போட்டோ எடுத்ததுதான். அந்தப் படங்கள் வெளியானதும் ஆராய்ச்சியாளர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் தயாரான கர்ட்டிஸ் பி-40 ரகம் என்பது உருவத்திலேயே தெரிந்தது. பிரிட்டிஷ் படையில் அதற்குப் பெயர் கிட்டிஹாக். பக்கவாட்டில் மங்கிப்போன எச்.எஸ். என்ற எழுத்துகள், அதாவது 260ஆம் ஸ்குவாட்ரன். தொடர் எண் ஈ.டி.574.

பதிவேட்டைப் புரட்டினால் அந்த எண்ணுக்கு எதிரே ஒரு தேதி இருந்தது: 1942 ஜூன் 28. டோப்ரூக் விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, பிரிட்டிஷ் படை பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம். சக்கரங்கள் உள்ளே மடங்காத கோளாறோடு இருந்த அந்த விமானத்தை, பழுது பார்ப்பதற்காக வேறு தளத்துக்குக் கொண்டுபோனார் டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயது விமானி. போய்ச் சேரவில்லை. பதிவேட்டில் கணக்கு அன்றே முடிந்துவிட்டது.

ஆனால் போட்டோக்கள் வேறொன்று சொல்லின. விமானம் சிதறவில்லை, தரையில் இறக்கப்பட்டிருந்தது. ரேடியோவும் பேட்டரியும் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பாராசூட் துணியை நிழலுக்காகப் பயன்படுத்திய அடையாளம் இருந்தது. அப்படியென்றால் அவர் விழுந்ததில் சாகவில்லை. இறங்கியிருக்கிறார், ரேடியோவில் யாரையாவது கூப்பிட முயன்றிருக்கிறார், நிழல் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பிறகு நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும். விமானத்திலிருந்து சில மைல் தூரத்தில் எலும்புகள் கிடைத்தன, ஆனால் அவை அவருடையவை என்று உறுதியாகவில்லை. விமானம் அலமெய்ன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் இன்னும் சேரவில்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நாம் "ரைட் ஆஃப்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோமே, அந்த வரிக்கு அப்புறமும் ஒருவர் வெயிலில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு உதாரணம் உங்களில் பலருக்குத் தெரிந்தவர். 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த் எக்சுபெரி! 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து பி-38 ரக விமானத்தில் கிளம்பினார். துப்பாக்கிகளை எடுத்துவிட்டு கேமராக்களைப் பொருத்திய விமானம் அது. எதிரிப் பகுதியைப் போட்டோ எடுக்கப் போனவர் திரும்பவில்லை. 1998இல் மார்செய் அருகே ஒரு மீனவரின் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கியது. போலி என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பிறகு ரியூ தீவுக்கு அருகில் நீரில் மூழ்கிக் கிடந்த பாகங்களை ஒரு முக்குளிப்பவர் கண்டுபிடித்து 2000இல் அறிவித்தார். பி-38 என்பது தெரிந்தது. ஆனால் அந்தக் கடல் பக்கம் விழுந்த பி-38 அது ஒன்று மட்டும் அல்லவே! 2003இல் பாகங்களை மேலே எடுத்துச் சுத்தம் செய்தபோது ஒரு தகட்டில் 2734 என்ற எண் தெரிந்தது. அது லாக்ஹீட் தொழிற்சாலை எண். ஆவணத்தோடு ஒப்பிட்டு, அது அவர் ஓட்டிய விமானமே என்று 2004இல் உறுதி செய்தார்கள். 60 வருடக் குழப்பத்தை நான்கு இலக்கங்கள் தீர்த்துவிட்டன.

2008இல் ஒரு முன்னாள் ஜெர்மன் விமானி "நான்தான் சுட்டேன்" என்று சொன்னார். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. ஆனால் அதை உறுதிப்படுத்தும் ஜெர்மன் பதிவு எதுவும் இல்லை. எங்கள் சார் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லை. அதனால் எந்த விமானம் என்பது உறுதி, ஏன் விழுந்தது என்பது இன்றுவரை உறுதி இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருப்பதுதான் ஆராய்ச்சி என்று நினைக்கிறேன்.

போர்க் கணக்கில் விமானம் ஒரு சொத்து. எண்ணைக் கண்டுபிடித்தால் சொத்துக் கணக்கு முடிந்துவிடும். ஆனால் இதற்காக லீவு எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்தில் உட்காருபவர்களும், கைக்காசைப் போட்டுக் கடலில் குதிப்பவர்களும் சொத்தைத் தேடவில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத் தேடுகிறார்கள்.

காப்பிங்கின் பெயர் அலமெய்ன் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாதவர்களின் வரிசையில் இருக்கிறது. அந்த என்ட்ரிக்கு இன்னும் வவுச்சர் வரவில்லை.