பின்பக்கம் பொய் சொல்லாது

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கட்டுமரம் தள்ளி வளர்ந்தவன் நான். எந்த மரத்தைக் கண்டாலும் வயதைக் கேட்கமாட்டேன், அது எவ்வளவு உழைத்தது என்றுதான் பார்ப்பேன். பெசன்ட் நகர் வீட்டுச் சுவர்களில் தொங்கும் கூத்துக் கிரீடங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். "இருநூறு வருஷத்துச் சாமான்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்றிருப்பார்கள்.

வடதமிழகக் கூத்தில் முகமூடி அபூர்வம். முகத்துக்கு அரிதாரம் போதும். கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவைதான் மரம். இவற்றைத்தான் கட்டை என்பது. துரியோதனனும் கர்ணனும் இவற்றைக் கட்டிக்கொண்டு விடியவிடியச் சுழன்று ஆடவேண்டும். அதனால்தான் எடையில்லாத கலியாண முருங்கையில் செதுக்கினார்கள். தூக்கினால் தேக்குபோல் கனக்கிற கிரீடம் சுவருக்காகச் செய்தது.

அடுத்து, திருப்பிப் பாருங்கள். ஆடிய கட்டையில் கயிறு உரசி, கட்டும் ஓட்டையின் விளிம்பு மழுங்கியிருக்கும். உடம்பு படும் இடம் வியர்வையில் கறுத்திருக்கும். முன்பக்கத்தை நம்பி முடிவு சொல்லக்கூடாது. ஆட்டத்துக்குப் போகும் கட்டைக்கு உதிர்ந்த கண்ணாடியை ஒட்டுவார்கள், வண்ணம் புதுப்பிப்பார்கள். பளபளப்பு இருந்தால் போலி என்று அர்த்தமில்லை. முன்னும் பின்னும் ஒரே சீராக அழுக்கேறியிருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

இந்த ஏமாற்று உலகெங்கும் உண்டு. டொனால்ட் கார்ட்ரி எழுதிய மெக்சிகோ முகமூடி நூல் 1980இல் வந்தது. அதிலுள்ள கெரேரோ மாநில முகமூடிகள் பல, ஆட்டக்களமே காணாமல் விற்பனைக்கென்று செதுக்கியவை என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் அந்தக் குழப்பமே இல்லை. பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் அணியும் நரசிம்ம முகமூடி கோயிலில் பூஜையில் இருப்பது. அதன் பூர்வீகத்துக்கு ஊரே சாட்சி.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதுக்குக் குறையாத சிற்பமும் கைவினையும் தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கடைக்காரர் சொல்லும் வயது உண்மையானால் அந்தச் சட்டமும் கூடவே வரும். இதைச் சொன்னதும் பல கிரீடங்களுக்கு வயது சட்டென்று குறைந்துவிடுகிறது!

காஞ்சிபுரத்தில் 1990இல் பெ. ராஜகோபால் போன்ற கலைஞர்கள் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் உண்டு. வாங்குமுன் அப்படி ஆடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த ஊரில், எந்த வேஷத்துக்கு, யார் கட்டியது என்று சொல்லமுடியாத கட்டைக்குப் பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள்.