கொச்சிக் கரையில் மரம் காத்த எண்ணெய்கள்

இடவப்பாதி என்று மலையாளத்தார் வழங்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் இறங்குவதற்கு முன்னர், வைட்டிலாவில் மதிற்சுவர் எழுப்பாத வீடுகளில் ஒரு வேலை நடைபெறும். வேலிக்கும் படலுக்கும் வாயிற்கதவுக்கும் எதையேனும் பூசுவார்கள். பணி நிமித்தம் இவ்வூருக்கு வந்து சேர்ந்த ஆண்டில் நாமும் பூசினோம். ஆனால் காலந்தாழ்த்திப் பூசினோம். முதல் மழையில் நனைந்து அரைகுறையாகக் காய்ந்திருந்த மரத்தின்மேல் பளபளப்பான பச்சை எனாமலை இரண்டு கை தீட்டி மகிழ்ந்தோம். ஓணம் வருவதற்குள் அது கொப்புளித்து உரிந்தது. உரிந்த இடத்தில் மரம் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது.

அடுத்த வீட்டு முதியவர் ஒருகாலத்தில் படகு கட்டியவர். அவர் பார்த்துவிட்டு, "மரத்துக்குச் சட்டை போட்டீர்கள், ஸார்; அது குடிக்க எண்ணெய் அல்லவா கேட்கும்?" என்றார். மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட நாம் அந்த மலையாள வாக்கியத்தை இவ்வளவில்தான் தமிழாக்க முடிகின்றது. மூலத்தில் ஏளனம் இன்னும் சற்று மிகுதி.

அவர் சொன்னதில் ஒரு கடற்கரையின் அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மரத்தை அழிப்பது மழையன்று. உள்ளே தங்கும் ஈரம். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஈரம் நிலைத்து நின்றால் பூசணம் வேரூன்றும். ஈர மரத்தின்மேல் இறுகும் மேற்பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கின்றது. நெய்ப்பசையோ மரத்துக்குள் ஊறி, நீர் புகும் வழியை அடைக்கின்றது. இதனைப் படகுக்காரர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பயணம் செய்த மார்க்கோ போலோ, பாரசீகக் குடாவின் ஓர்மூசில் கயிற்றால் தைத்த கப்பல்களுக்குக் கீல் பூசாமல் மீனெண்ணெய் தடவியதைக் குறித்துள்ளார். மலையாளக் கரையில் அந்த எண்ணெயை மத்தி மீன் தந்தது. அயினிப் பலகையால் கட்டிய வள்ளங்களுக்கு ஆண்டுதோறும் மத்தி நெய் தடவினர். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சியும் பூசினர். நாற்றம் பொறுப்பதற்கில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டு வேலிக்கு அதைப் பூசினால் தெருநாய்களும் பூனைகளும் நீங்கா விருந்தினராகிவிடும்.

கொச்சியில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டையே ஒரு வேலிதான் என்பது பலர் அறியாதது. 1503-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கொச்சி மன்னரின் இசைவு பெற்று, தென்னந் தண்டுகளை நட்டு, இரும்பால் பிணைத்து, மண் நிரப்பிக் காவல் அரண் அமைத்தனர். தென்னந் தண்டு எத்தனை மழைக்காலம் தாங்கும்? சில ஆண்டுகளிலேயே அதைக் கல்லும் சுண்ணாம்புமாக மாற்றிக் கட்டினர்.

அதே போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்தனர். மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்றே பெயர் வழங்கிற்று. பருப்போடு அம்மரம் கரைக்கு வேறொரு செல்வமும் தந்தது. கொட்டையின் ஓட்டுக்குள் தேனடை போன்ற அறைகளில் கரிய எண்ணெய் ஒன்று உள்ளது. அதைப் பூசிய மரத்தைக் கறையானும் பூசணமும் எளிதில் அணுகா. வள்ளங்களுக்கு மீனெண்ணெயோடு இதுவும் பூச்சாயிற்று. அங்கிருந்து படலுக்கும் வேலிக்காலுக்கும் வந்தது. ஆயினும் பூச்சியை விரட்டும் காரம் மனிதத் தோலையும் விட்டுவைப்பதில்லை. கொல்லத்து ஆலைகளில் கொட்டை உடைத்த பெண்களின் விரல்கள் இவ்வெண்ணெயால் வெந்து கறுத்தன. சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் அவர்கள் வேலை செய்தார்கள். மலிவான பூச்சு என்று நாம் சொல்லும்போது, அவ்விலையில் ஒரு பங்கை அவ்விரல்கள் கொடுத்திருக்கின்றன. நம் வண்ணார் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டையும் முந்திரியின் குடும்பமே. அதன் பாலும் அவ்வாறே சுடும். கோட்டைக் கொச்சியில் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் தமிழ் வண்ணாருக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரின் நாட்டில் ஆளிவிதை எண்ணெயில் ஈயவெள்ளை குழைத்த வண்ணம் பெருவழக்கு. வண்ணத்தில் ஈயம் கலக்கும் வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவி நெடுநாள் நின்றது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் தொண்ணூறு பங்குக்குமேல் கலக்கலாகாதென விதி வந்தது 2016-இல்தான்.

அடுத்த மாற்றம் இரயில் பாதையோடு வந்தது. 1838-இல் ஜான் பெத்தெல் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டை அழுத்தத்தால் மரத்துள் செலுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவ்வாறு ஊட்டிய தண்டவாளக் கட்டைகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. ஏறக்குறைய நூறாண்டு கழித்து இந்தியா அக்கடனைத் திருப்பிக் கொடுத்தது எனலாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொன்டி காமேசம் என்ற இந்தியர் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்களைச் சேர்த்து 'அஸ்க்கு' என்னும் கரைசலைக் கண்டார். செம்பு பூசணத்தையும் ஆர்சனிக் பூச்சியையும் தடுக்க, குரோமியம் இரண்டையும் மழை கரைக்காதபடி மரத்தோடு பிணைக்கின்றது. அமெரிக்காவின் கம்பங்களும் கொல்லைவேலிகளும் பின்னாளில் இக்கலவையால்தான் நிலைத்தன. கொச்சியில் 1957-இல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும் இதை ஆராய்ந்து, எளிதில் உளுத்துப்போகும் இரப்பர் மரத்தையும் வள்ளம் கட்டத் தகுதியாக்கியது. எனினும் ஆர்சனிக் ஆர்சனிக்தான். 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு, வீட்டு உபயோகத்துக்கான மரத்திற்கு இதனை ஊட்டுவதை அமெரிக்க உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டனர்.

இச்செய்தி நமக்கு ஏட்டளவில் நிற்கவில்லை. எனாமல் உரிந்த மறு ஆண்டு, பழைய படகு உடைத்த பலகைகளை மலிவாக வாங்கி வேலி அடைத்தோம். அறுத்த வாயில் சில பலகைகள் இளம்பச்சையாக இருந்தன. துண்டுகளை வெந்நீர் அடுப்புக்கு ஒதுக்கிவைத்திருந்தபோது, முதியவர் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பச்சையானவற்றைத் தனியே எடுத்துவிட்டார். மருந்து ஊட்டிய மரத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அச்சாம்பலைத்தான் நம் வீட்டில் பாத்திரம் துலக்கவும் வாழைக்கு இடவும் வைத்திருந்தார்கள்.

இப்போது மாசி பிறந்ததும் வேலியைச் சுரண்டிப் பங்குனி வெயிலில் நன்றாகக் காயவிடுகின்றோம். கையுறை அணிந்து, முந்திரி எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை தேய்க்கின்றோம். முதியவர் வந்து ஒரு கை நீரைத் தெளித்துப் பார்ப்பார். துளி முத்தாக உருண்டால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்; பரவினால், "இன்னும் ஒரு கை" என்பார்.