பட்டு நூல் அறுந்த கதை

மின்னேற்றம் ஓடும் என்று கண்டவரை நாம் நினைப்பதே இல்லை. துணிக்குச் சாயம் தோய்த்துப் பிழைத்தவர் அவர்: இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே. 1729இல் நண்பர் வீலரின் வீட்டில் நீண்ட சணற்கயிற்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டார். ஒரு முனையில் தேய்த்த கண்ணாடிக் குழாய், மறுமுனையில் தந்தப்பந்து. பந்து மெல்லிய பித்தளை இதழை இழுத்தது!

பாரத்தால் பட்டு அறுந்தது. உறுதிக்காகப் பித்தளைக் கம்பி கட்டினார்கள். இதழ் அசையவே இல்லை. மின்னேற்றம் கம்பி வழியே கட்டடத்துக்குள் கசிந்துவிட்டது. உலோகம் கடத்தும், பட்டு கடத்தாது என்பது அப்போதுதான் புரிந்தது. நம் பால்மரத்து ரப்பரும் பட்டின் கட்சிதான். முன்பு ரப்பராலும் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்காலும் மின்கம்பிக்கு உறை போடுவது அதனால்தான். உறை கிழிந்த கம்பியைத் தொட்டால் நம் உடலே அந்தப் பித்தளைக் கம்பியாகிவிடும்.

கிரே மறுபடியும் பட்டு நூலையே கட்டினார். மின்னேற்றம் 765 அடி சென்றது.